ஒரு போத்தல் சீரமும் குற்றவாளியின் பங்கும்

ஓய்வு பெற்ற அரசாங்க உத்தியோகத்தர் ஒருவர் முழுநேரமும் வீட்டில் இருப்பது அந்த வீட்டின் பாதுகாப்புக்கு உகந்ததல்ல. வாத்தியார் ஓய்வு பெற்றால் பேரப்பிள்ளைகளுக்குக் கரைச்சல். கிராம அலுவலர் ஓய்வு பெற்றால் அயலட்டைக்குக் கரைச்சல். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் ஓய்வு பெற்றால் சொந்தக் குசினியே சோதனைக்கு உள்ளாகும். நான் அந்த மூன்றாம் வகை. எங்கள் ஊர் இணுவிலில் என்னை இன்றைக்கும் பி.எச்.ஐ என்றுதான் சொல்வார்கள். பெயரைச் சொன்னால் தபால்காரருக்கே தெரியாது.

உத்தியோக காலத்தில் என்னைக் கண்டால் தேத்தண்ணிக் கடைக்காரர் பலகாரத் தட்டில் மொய்க்கும் இலையானை அடிக்கத் தொடங்குவார்கள். மயிலிட்டித் துறையில் மீனின் செவுளை விரித்துப் பார்த்து, சிவப்பு கொஞ்சம் மண்ணிறத்துக்குத் திரும்பியிருந்தாலும் கூடையோடு கொட்டிப் புதைக்கச் சொல்லியிருக்கிறேன். (நிறம் மாறினால் பழுது. இது பரிசோதகனின் அரிச்சுவடி. இந்த வரியைத் தயவுசெய்து ஞாபகத்தில் வைத்திருங்கள். நான் வைத்திருக்கவில்லை.)

சீரம் எங்கள் வீட்டுக்கு வந்ததற்கு ஒரு காரணம் உண்டு. அது சிரிப்பான காரணம் அல்ல. என் மனைவி பவளத்தின் அக்கா மலர், ரொறொன்ரோவில் இருப்பவர், இரண்டு வருடத்துக்கு முன் ஊருக்கு வந்திருந்தார். பவளத்தைவிட நான்கு வயது மூப்பு. இரண்டு பேரும் கோயிலுக்குப் போனபோது, வீதியில் கச்சான் கடலை விற்றுக்கொண்டிருந்த மனுசி ஒருத்தி மலரைக் கூப்பிட்டுச் சொன்னாளாம்: "பிள்ளை, வெயில் கடுமையாக் கிடக்கு. அம்மாவை உந்த மரத்தடியிலை இருத்திப்போட்டு நீ போய்க் கும்பிட்டிட்டு வா."

அம்மா என்று அவள் காட்டியது பவளத்தை.

பவளம் நேரே வீட்டுக்கு வந்தாள். வந்ததும் கண்ணாடிக்கு முன்னால் போய் நின்றாள். நான் ஆறுதலாக, "அந்த மனுசிக்குக் கண் தெரியாதாக்கும்" என்றேன். "கண் தெரியாதவ எப்பிடிக் கச்சான் அளந்து விக்கிறா?" என்று திருப்பிக் கேட்டாள்.  அந்த மனுசி கச்சான் அளக்கும் சுண்டை நானே ஒருமுறை பரிசோதித்திருக்கிறேன். சரியாகத்தான் இருந்தது.

மலர் அக்காவுக்கும் மனம் கேட்கவில்லை. அடுத்த வைகாசியில், ஊருக்கு வந்த ஒருவரின் கையில் ஒரு சின்னப் பெட்டி கொடுத்தனுப்பினார். உள்ளே கடும் மண்ணிறக் கண்ணாடிப் போத்தல் ஒன்று. விற்றமின் சீ சீரம். முதுமையைத் தடுக்குமாம். சுருக்கத்தை எடுக்குமாம். பவளம் மூடியைத் திறக்கக் கை வைத்தாள்.

"கையை எடும்" என்றேன்.

"ஏன்?"

"உதுக்குள்ளை என்ன கிடக்கெண்டு தெரியுமோ உமக்கு?"

"விற்றமின் சீ. தோடம்பழத்திலை இருக்கிறது."

"தோடம்பழத்தை ஆரும் முகத்திலை தேய்ச்சுப்போட்டுப் படுக்கிறவையோ?"

என் பயம் முழுக்க வீண்பயம் அல்ல. வெள்ளையாக்கும் கிறீம் என்று பெயர், முகவரி இல்லாமல் விற்ற டப்பாக்களை நான் பறிமுதல் செய்திருக்கிறேன். அவற்றுள் சிலவற்றில் பாதரசம் இருந்தது. அதைப் பூசிய பிள்ளைகளின் முகங்களையும் பார்த்திருக்கிறேன். ஆகவே உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்துக்கொண்டு முன்வாசலில் வெளிச்சத்தில் உட்கார்ந்து, பெட்டியில் இருந்த உள்ளடக்கத்தை வாசித்தேன்.

வாசிக்க வாசிக்க மயிர்க்கூச்செறிந்தது. அஸ்கோர்பிக் அமிலம். சரி, அதுதான் விற்றமின் சீ. அடுத்தது ஃபெருலிக் அமிலம். அதற்கடுத்தது ஹையலுரோனிக் அமிலம். மூன்று அமிலங்கள்! பற்றரிக்குக்கூட ஒன்றுதான் ஊற்றுவார்கள். பிறகு புரோப்பிலீன் கிளைக்கோல். வாகன ரேடியேற்றருக்குள் ஊற்றும் திரவத்தின் ஒன்றுவிட்ட சகோதரன் மாதிரிப் பெயர். (அமிலமெல்லாம் எரிக்காது என்பதும், அந்தச் சகோதரன் சாதுவானவன் என்பதும், விற்றமின் சீ தோலுக்குள் இறங்க அந்தப் புளிப்புத் தேவை என்பதும் பின்னர் அறிந்தவை. அன்றைக்கு எனக்கு எல்லாம் தெரியும் என்ற நிலை.) கடைசியில் பெருமையாக ஒரு வரி: மிருகங்களில் பரிசோதிக்கப்படவில்லை.

"பவளம்! இஞ்சரும்! மிருகத்திலைகூடப் பரிசோதிக்கேல்லையாம். அதை உம்மடை முகத்திலையோ பரிசோதிக்கிறது?"

"அப்ப நீங்கள் பரிசோதியுங்கோ" என்றாள் அவள், உள்ளேயிருந்து.

அவள் எரிச்சலில் சொன்னாள். நான் அதை நியமனக் கடிதமாக எடுத்துக்கொண்டேன்.

மாதிரி எடுப்பதற்கு ஒரு நடைமுறை உண்டு. சந்தேகத்துக்குரிய பொருளை மூன்று பங்காகப் பிரிக்க வேண்டும். ஒரு பங்கு பகுப்பாய்வாளருக்கு. ஒரு பங்கு பரிசோதகரின் காவலில். மூன்றாவது பங்கு குற்றஞ்சாட்டப்பட்டவருக்கு, அதாவது பொருளை வைத்திருந்த கடைக்காரருக்கு. நாளைக்கு வழக்கு வந்தால், நாங்கள் மாற்றி வைத்துவிட்டோம் என்று அவர் சொல்லக்கூடாதல்லவா? நீதியான ஏற்பாடு. கடைகளில் இந்தப் பங்கைக் குற்றவாளியின் பங்கு என்றே சொல்வார்கள்.

அப்படியே செய்தேன். முதல் இரண்டு பங்குகளையும் கொதிநீரில் அவித்துக் காயவைத்த வெள்ளைக் கண்ணாடிப் போத்தல்களில் ஊற்றினேன். நிறத்தையும் அடியில் தங்கும் அடையலையும் அவதானிக்க வெள்ளைக் கண்ணாடிதான் வசதி. மிச்சத்தை அந்த மண்ணிறப் போத்தலிலேயே விட்டு, மூடிமேல் அரக்குச் சீல் வைத்துப் பவளத்திடம் கொடுத்தேன்.

"இது என்னத்துக்கு?"

"குற்றவாளியின்ரை பங்கு."

"நான் என்ன குற்றம் செய்தனான்?"

"பொருள் உம்மட்டைத்தானே பிடிபட்டது."

"இதை நான் என்ன செய்யிறது?"

"அதைப்பற்றிச் சட்டத்திலை ஒண்டும் இல்லை. பத்திரமா வைச்சிரும், அவ்வளவு காணும்."

பவளம் போத்தலையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு குளிர்சாதனப் பெட்டியில் முட்டைத் தட்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தாள். திரும்பி வந்து சொன்னாள்: "ஆவணியிலை துளசியின்ரை கல்யாணம். மலரக்கா வருவா. அவவுக்குப் பக்கத்திலை ஒரு போட்டோவிலையாவது நான் தங்கச்சி மாதிரி நிக்கவேணும். வேறை ஒண்டும் கேக்கேல்லை. அதுக்கிடையிலை உங்கடை விசாரணையை முடியுங்கோ."

துளசி எங்கள் ஒரே மகள். அவளுடைய கல்யாணத்தில் அவள் அம்மா கேட்டது நகையல்ல, சேலையல்ல, ஒரு படம். விளையாட்டில்லை என்று எனக்கும் விளங்கியது. ஆகவே பெட்டியையும் சான்றுப் பொருளாக்கி, அதன்மேல் என் கையொப்பமிட்ட சீல் துண்டை ஒட்டி அலுமாரிக்குள் வைத்தேன்.

சேவையில் இருந்திருந்தால் முதல் பங்கு கொழும்புக்குப் போயிருக்கும். ஓய்வு பெற்றவனுக்கு யார் பகுப்பாய்வு செய்து தருவார்கள்? ஆகவே பகுப்பாய்வாளரும் நானே ஆனேன். பரிசோதகர், பகுப்பாய்வாளர், நீதவான் மூன்றும் இடுப்பில் ஒரே சாரத்தைக் கட்டிக்கொண்டு கராஜுக்குள் நின்றன.

லிற்மஸ் தாள் பழப்புளியில் தோய்த்ததுபோலச் சிவந்தது. திடுக்கிட்டேன். வாழைப்பழத்தில் இரண்டு துண்டு வெட்டி ஒன்றில் மட்டும் பூசி வைத்தேன். பூசாத துண்டு பின்னேரம் கறுத்துக் கிழண்டிவிட்டது. பூசிய துண்டு அப்போது வெட்டியதுபோலவே இருந்தது. அதற்கும் திடுக்கிட்டேன். முதுமையைத் தடுக்கிறது! வாழைப்பழத்திலாவது தடுக்கிறது!

இப்படியே முதல் பங்கு தீர்ந்தது. இரண்டாம் பங்கை, வெள்ளைப் போத்தலில், நல்ல வெயில் படும் கராஜ் யன்னலில் வைத்து நாளாந்தம் அவதானித்தேன். இதற்கும் ஒரு காரணம் இருந்தது. என் சேவைக்காலம் முழுவதும் நான் துரத்தியது கள்ளச் சாயங்களை. இனிப்பில் சாயம், சர்பத்தில் சாயம், மிளகாய்த் தூளில் சாயம். அப்படியான சாயங்கள் வெயிலில் வைத்தால் வெளிறிப் போவதைக் கண்ணால் கண்டவன் நான்.

சீரம் முதலில் கிணற்றுத் தண்ணீர்போல இருந்தது. ஆனியில் இளநீரில் தேன் விட்டதுபோல ஆனது. ஆடி முடிய பால் விடாத நல்ல சாயத் தேத்தண்ணி நிறம். நான் மகிழ்ந்துபோனேன். வெளிறவில்லை! மாறாகக் கறுக்கிறது! ஆகவே கள்ளச் சாயம் இல்லை. ஆகவே இயற்கையானது. ஆகவே பாதுகாப்பானது. இந்த மூன்று "ஆகவே"க்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியவன், மீனின் செவுள் மண்ணிறமானால் புதைக்கச் சொன்ன அதே மனிதன்.

கல்யாணத்துக்கு முதல்நாள் பின்னேரம், விளக்கு வைக்கும் நேரம், போத்தலைத் தாம்பாளத்தில் வைத்துப் பவளத்திடம் நீட்டினேன். "மனித பாவனைக்கு உகந்தது" என்று அறிவித்தேன்.

பவளம் போத்தலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"இதென்ன, தேத்தண்ணி மாதிரிக் கிடக்கு?"

"இயற்கை நிறம்."

"முதலிலை தண்ணி மாதிரித்தானே இருந்தது?"

"இப்ப முத்தியிருக்கு."

"அப்ப முதல்லை நீங்கள் பூசுங்கோ, பாப்பம்."

என் தீர்ப்பை எதிர்த்து மேன்முறையீடு! புதுமருந்தை முதலில் முழங்கையின் உட்பக்கத்தில் ஒரு பொட்டளவு பூசி, ஒன்றிரண்டு நாள் பொறுக்க வேண்டும். இந்த நடைமுறை எனக்குத் தெரியும். பத்துப் பேருக்குச் சொல்லியும் கொடுத்திருக்கிறேன். ஆனால் அவமானப்பட்டவன் முழங்கையில் பூசமாட்டான். அன்றைக்குத்தான் சலூனில் மழமழவென்று சவரம் செய்திருந்தேன். ஒப்பீட்டுக்கு ஒரு பக்கம் வேண்டும் என்பதால் நெற்றி நடுவிலிருந்து மூக்குத் தண்டு வழியாக நாடிவரை கற்பனையில் ஒரு கோடு கீறி, வலது பக்கம் மட்டும் பூசினேன். காய்ந்ததும் இன்னொரு பூச்சு. பிறகு இன்னொன்று. எரிந்தது. எரிவு வேலை செய்வதற்கு அறிகுறி என்று பவளத்துக்கு விளக்கினேன். படுக்கப் போகும்போது கண்ணாடியில் ஒரு வித்தியாசமும் இல்லை. வெற்றி என்று படுத்தேன்.

விடிய எழும்பி, வேட்டியைச் சரிசெய்துகொண்டு விறாந்தைக்கு வந்தேன். முதல்நாள் கனடாவிலிருந்து வந்து இறங்கிய மலர் அக்கா தேத்தண்ணித் தட்டோடு எதிரே வந்தார். என்னைப் பார்த்தார். தட்டு விழுந்தது.

"ஐயோ பவளம், ஓடி வா! பி.எச்.ஐக்குப் பாரிசவாதம்! ஒரு பக்கம் விழுந்திட்டுது!"

வீடு முழுக்க விறாந்தைக்கு வந்தது.

"இரண்டு கையையும் தூக்குங்கோ!" என்று கத்தினார் மலர் அக்கா. தூக்கினேன். "சிரியுங்கோ!" சிரித்தேன். "உங்கடை பேரைச் சொல்லுங்கோ!" பயத்தில் பி.எச்.ஐ என்று சொன்னேன். அது பெயரில்லை என்று யாரோ அழத் தொடங்கினார்கள்.

பவளம் மட்டும் அழவில்லை. கிட்ட வந்து என் வலது கன்னத்தை விரலால் தேய்த்து, விரலைப் பார்த்தாள். பிறகு கைக்கண்ணாடியை எடுத்து வந்து என் முன்னால் பிடித்தாள்.

கண்ணாடியில் இரண்டு பேர் இருந்தார்கள். இடது பக்கம் நான். வலது பக்கம் சூளையில் சுட்ட செங்கட்டி நிறத்தில், என்னைவிட இருபது வயது மூத்த ஒருவர். சாயம் சுருக்கங்களுக்குள் இறங்கி, இதுவரை யாருக்கும் தெரியாதிருந்த கோடுகளையெல்லாம் பேனையால் கீறியதுபோலக் காட்டியது. முதுமையைத் தடுக்க வந்த திரவம் என் முதுமைக்கு வரைபடம் போட்டிருந்தது. பூசிய மூன்று விரல்களும் அதே நிறம். இரண்டு முகங்களுக்கும் நடுவில் எல்லை, நூல் பிடித்ததுபோல.

நில அளவைத் திணைக்களத்தில் வேலை செய்த என் தம்பி குனிந்து பார்த்துவிட்டு, "எல்லை நேராத்தான் கிடக்கு, அண்ணை. வேலிச் சண்டை வராது" என்றான்.

"என்னத்தைப் பூசினனீங்கள்?" என்று மலர் அக்கா கேட்டார். போத்தலைக் காட்டினேன். அவர் தலையில் கையை வைத்தார். "இது தண்ணி நிறத்திலையெல்லோ இருக்கவேணும்! வெளிச்சம் படக்கூடாது, சூடு படக்கூடாது. நிறம் மாறினா எறியவேணும். பழுதானது தோலிலை சாயம் பிடிக்கும். பெட்டியிலை எழுதிக் கிடக்கே, வாசிக்கேல்லையோ?"

நான் வாசிக்காததா? அலுமாரியிலிருந்து பெட்டியை எடுத்து வந்து நீட்டினேன். மலர் அக்கா என் சீல் துண்டை நகத்தால் உரித்தார். அதற்கடியில் அந்த வரி இருந்தது. இருளில், குளிர்ச்சியான இடத்தில் வைக்கவும். நிறம் மாறினால் பாவிக்க வேண்டாம். அமிலங்களைக் கண்ட அதிர்ச்சியில் பெட்டியின் அடிப்பக்கம்வரை நான் போகவேயில்லை. போகாத இடத்தைக் கையொப்பம் வைத்து மூடியும் இருந்தேன்.

சவர்க்காரம் போட்டார்கள். தேங்காயெண்ணெய் போட்டார்கள். போகவில்லை. அது மேலே ஒட்டிய அழுக்கல்ல, தோலே நிறம் மாறிவிட்டது, மேல்தோல் உதிரும்வரை பொறுக்க வேண்டும் என்றார் மலர் அக்கா. தன்னுடைய மேக்கப்பைப் பூசிப் பார்த்தார். அது கனடாவுக்கு ஏற்ற நிறம். செங்கட்டிமேல் சாம்பல் படிந்து, சுடலையிலிருந்து எழும்பி வந்தவன்போல ஆனேன். கழுவினார்கள்.

"மற்றப் பக்கமும் பூசுங்கோவன், ஒரே மாதிரி வந்திடும்" என்றான் தம்பி. நிறம் பிடிக்க ஓர் இரவு வேண்டும். முகூர்த்தத்துக்கு இரண்டு மணித்தியாலம்கூட இல்லை.

துளசி பாதி அலங்காரத்தோடு அறையிலிருந்து வெளியே வந்தாள். நான் கதவுக்குப் பின்னால் ஒளியப் பார்த்தேன். அமைச்சரின் வருகைக்குக்கூட ஒளியாதவன். பிள்ளை என்னைப் பார்த்தாள். வாயைப் பொத்தினாள். அழப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் சிரித்த சிரிப்பில் கண் மை கரைந்து, அலங்காரம் செய்ய வந்த பெண் என்னைத்தான் முறைத்தாள்.

"அப்பா, மண்டபத்திலை ஆர் கேட்டாலும் இடப்பக்கத்தைக் காட்டிக்கொண்டு நில்லுங்கோ."

பெண்ணின் தகப்பன் மணவறையில் ஒரு பக்கம் மட்டும் காட்டிக்கொண்டு இருக்க முடியாது. ஒரு பக்கம் ஐயர், மறுபக்கம் மாப்பிள்ளை வீட்டார். அவர்கள் இருந்தது என் வலப்பக்கம். வீடியோக்காரர் பலமுறை ஓடி வந்து விளக்கைத் திருப்பினார். "ஐயா, உங்களுக்கு ஒரு பக்கம் மட்டும் வெயில் விழுகுது" என்றார். மண்டபத்துக்குள் ஏது வெயில்? அவர் கமராவில் எதையோ திருத்த, என் கன்னம் சரியாகி மணமகள் நீலமாகிவிட்டாளாம். திரும்ப மாற்றினார். தாரை வார்க்கும்போது என் விரல்களைக் கிட்டப் பிடித்து எடுத்தார்கள். ரொறொன்ரோவில் நேரலை பார்த்த உறவினர் எல்லோரும், பி.எச்.ஐ கையால் சவ்வரிசிக் கேசரி அள்ளிச் சாப்பிட்டுவிட்டுக் கழுவாமல் கன்னிகாதானம் செய்தார் என்று இன்றைக்கும் நம்புகிறார்கள். ஊருக்கெல்லாம் கை கழுவக் கற்றுக்கொடுத்தவனைப் பற்றி!

தாலி ஏறியது. ஆசீர்வாதம் தொடங்கியது. மாப்பிள்ளையின் தகப்பனாருடைய மாமி, கோப்பாயிலிருந்து வந்த நல்ல வயதான மனுசி, மணவறைக்கு வலது பக்கமாக வந்து நின்றார். என்னை உற்றுப் பார்த்தார். பிறகு பவளத்தின் கையைப் பிடித்தார்.

"பிள்ளை, உது உன்ரை அப்பரோ? உந்த வயசிலையும் எவ்வளவு நேரம் சம்மாணம் கட்டி இருந்து எல்லாம் செய்யிறார், பாவம்."

நான் திரும்பி இடது பக்கத்தைக் காட்டுவதற்குள் காரியம் முடிந்துவிட்டது. பவளம் உடனே மறுக்கவில்லை. முதலில் பக்கத்தில் நின்ற மலர் அக்கா அதைக் கேட்டாரா என்று திரும்பிப் பார்த்தாள். கேட்டிருந்தார். அதன் பிறகுதான் மெல்ல, அவசரமே இல்லாமல், "இல்லை மாமி, என்ரை மனுசன்" என்றாள்.

"என்ன?" என்று மனுசி இன்னும் கிட்ட வந்து என்னைப் பார்த்து, பவளத்தையும் பார்த்து, "உன்னை ஏன் பிள்ளை உவருக்குக் குடுத்தவை?" என்றார்.

அந்தக் கணத்தில்தான் படம் எடுத்தார்கள். நடுவில் பவளம், ஒரு பக்கம் மலர் அக்கா, மறுபக்கம் நான், செங்கட்டிப் பக்கம் கமராவுக்கு. பவளம் அப்படிச் சிரித்து எனக்கு ஞாபகமில்லை. முகம் பளபளவென்று இருந்தது. என் பக்கத்தில் யார் நின்றாலும் அப்படித்தான் தெரியும் என்று நினைத்துக்கொண்டேன்.

பின்னேரம் வீட்டுக்கு வந்து, கன்னத்துக்கு வைக்க ஐஸ் எடுக்கலாம் என்று குளிர்சாதனப் பெட்டியைத் திறந்தேன். முட்டைத் தட்டுக்குப் பக்கத்தில் அந்த மண்ணிறப் போத்தல். என் அரக்குச் சீல் இல்லை. ஆட்டிப் பார்த்தேன். சத்தமே இல்லை. கவிழ்த்தேன். ஒரேயொரு சொட்டு உள்ளங்கையில் விழுந்தது. கிணற்றுத் தண்ணீர்போல, ஒரு நிறமும் இல்லாமல்.

"பவளம்! சீலை எப்ப உடைச்சனீர்?"

"நீங்கள் தந்த அண்டைக்கே" என்றாள், நகையைக் கழற்றிக்கொண்டே. "ஒரு நாளைக்கு இரண்டு சொட்டு. முதல்லை முழங்கையிலை பூசிப் பாத்துப்போட்டுத்தான். நீங்கள்தானே ஊருக்கெல்லாம் அப்பிடிச் சொல்லுவியள்."

"விசாரணை முடிய முதலோ?"

"என்ரை பங்கை என்ன செய்யிறதெண்டு சட்டத்திலை ஒண்டும் இல்லையெண்டும் நீங்கள்தானே சொன்னனீங்கள்."

"அப்ப ஏன் என்னைப் பூசச் சொன்னனீர்?"

"உங்கடை பங்கு பழுதெண்டு எனக்கென்னெண்டு தெரியும்? பரிசோதகர் நீங்களெல்லோ?"

சொல்லிவிட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பகுத்தாய எந்த ஆய்வுகூடத்திலும் வசதி இல்லை.

என் கன்னம் பழைய நிறத்துக்குத் திரும்ப ஒரு கிழமைக்கு மேல் சென்றது. படம் எங்கள் விறாந்தையில் வாசலுக்கு நேரே தொங்குகிறது. வருகிறவர்கள் முதலில் பவளத்தை மலர் அக்காவின் தங்கச்சியா என்று கேட்கிறார்கள், பிறகு என்னைப் பார்த்து ஒன்றும் கேட்காமல் இருக்கிறார்கள். வீட்டில் பலாப்பழம் வெட்டினாலும் கேக் வெட்டினாலும், துளசி பக்கத்தில் நின்றாலும் சரி, தொலைபேசியில் இருந்தாலும் சரி, ஒரே சத்தம்தான்: "அப்பா, குற்றவாளியின்ரை பங்கை முதல்லை எடுத்து வையுங்கோ!"

பவளத்துக்கு எடுத்து வைக்கிறேன். அதுதான் எப்போதும் பெரிய துண்டு. வெட்டுவது நான்தான்.